எட்டு செமஸ்டர், ஒரு இ-ரீடர்: கதை படிக்க நேரம் கிடைத்த விதம்

கல்லூரியில் சேர்ந்த இரண்டாவது மாதம் வாங்கிய ஆறு அங்குல இ-ரீடர் இது, மின்புத்தகம் படிப்பதற்கென்றே உள்ள கருவி. எட்டு செமஸ்டரும் முடிந்துவிட்டன, கருவி இன்னும் என்னோடுதான் இருக்கிறது. ஒரு வாரம் பயன்படுத்திவிட்டு எழுதும் விமர்சனங்கள் நிறையக் கிடைக்கும். நான்கு வருடம் கையிலேயே வைத்திருந்தவர் எழுதியது அவ்வளவாகக் கிடைக்காது. எனக்கு அப்போது தெரிய வேண்டியிருந்ததும் திரையின் கூர்மையோ எடையோ இல்லை. வகுப்பு, லேப், அசைன்மென்ட், தேர்வு என்று ஓடும் நாளில், பாடத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கதையை நிம்மதியாகப் படிக்க இது உதவுமா என்பதுதான். மாடல் எது என்பது பெரிய விஷயமில்லை. 2004-இல் ஜப்பானில், காகிதம் போலத் தெரியும் இ-இங்க் திரை கொண்ட முதல் வாசிப்புக் கருவி விற்பனைக்கு வந்ததிலிருந்து அடிப்படை அதேதான். கறுப்பு வெள்ளை இ-இங்க் திரை உள்ள எந்தக் கருவிக்கும் நான் சொல்வது பெரும்பாலும் பொருந்தும்.

முதல் ஐந்து மாதம் இதனால் எனக்கு எந்தப் பயனும் இல்லை. பள்ளியில் படிக்கும்போது கையில் கிடைத்ததையெல்லாம் படித்துத் தள்ளியவள் நான். முதல் செமஸ்டரில் நூலகத்தில் எடுத்த ஒரு நாவல் மூன்று வாரம் பையிலேயே கிடந்து, பதினான்காம் பக்கத்தோடு திரும்பிப் போனது. அந்த வருத்தத்தில்தான் இதை வாங்கினேன். தினமும் இரவு 10 மணியிலிருந்து 11 மணி வரை வாசிப்பு என்று அட்டவணை எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினேன். ஒன்பது நாள் நடந்தது. பத்தாவது நாள் லேப் ரெக்கார்ட் முடிக்க வேண்டியிருந்தது, பதினோராவது நாள் தேர்வு, அப்புறம் அந்தக் காகிதத்தை நிமிர்ந்து பார்க்கவே மனசு வரவில்லை. ஒரு மணி நேரம் மொத்தமாகக் கிடைக்காத நாளில் ஒரு பக்கம்கூடப் படிக்காமல் விட்டேன். அப்படிப்பட்ட நாட்கள்தான் அதிகம்.

மாறியது ஒரு லேப் தேர்வு நாளில். வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு வரிசை எண்படி கூப்பிடுவார்கள், என் எண் கடைசிப் பக்கம். வராந்தாவில் நின்றபடி எல்லோரும் கடைசி நேரத்தில் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதற்கு மேல் எதுவும் ஏறாது என்று தெரிந்துவிட்டது. பையில் எப்போதோ போட்டு மறந்திருந்த இ-ரீடர் கையில் தட்டுப்பட்டது. மூடியைத் திறந்தேன். ஐந்து மாதத்துக்கு முன் விட்ட அதே பக்கம், அதே வரி: ஒரு கிழவர் கதவைத் தட்டிவிட்டுக் காத்திருக்கிறார். கதவு திறந்ததா என்று பார்க்க அடுத்த பக்கத்தைத் தொட்டேன். என் எண்ணைக் கூப்பிட்டபோது இருபத்தி மூன்று பக்கம் போயிருந்தது. உள்ளே போனபோது கை நடுங்கவில்லை என்பதும் நினைவிருக்கிறது.

ஐந்து மாதம் கிடந்தும் சார்ஜ் மிச்சமிருந்ததற்குக் காரணம் அந்தத் திரைதான். உள்ளே கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னக் குமிழ்கள், ஒவ்வொன்றிலும் எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும். மின்னழுத்தம் கொடுத்தால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். அதன்பின் மின்சாரமே இல்லாவிட்டாலும் அவை நின்ற இடத்தில் நிற்கும். பக்கம் மாறும்போது மட்டும்தான் திரைக்கு மின்சாரம் வேண்டும். நான் வைஃபையை அணைத்தே வைத்திருந்ததும் உதவியது. இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், சார்ஜ் பற்றி யோசிக்காமல் பையிலேயே போட்டு வைக்க முடிந்ததால்தான் அது அந்த வராந்தாவில் என் கையில் இருந்தது. போனிலும் அதே புத்தகத்தை வைத்துப் படித்துப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது பக்கத்தில் வகுப்புக் குழுவிலிருந்து ஒரு செய்தி வரும், அதைப் பார்த்துவிட்டு வந்தால் கிழவர் யார் என்பதே மறந்திருக்கும்.

அன்றிலிருந்து அட்டவணையை விட்டுவிட்டேன். ஒரு வாரம் காத்திருக்கும் நேரங்களை மட்டும் கவனித்தேன். பேருந்தில் 25 நிமிடம், ஆசிரியர் வருவதற்கு முன் 10 நிமிடம், துணி துவைக்கும் இயந்திரம் ஓடி முடிய 40 நிமிடம், குரூப் ப்ராஜெக்டில் மற்றவர்கள் வந்து சேரும்வரை எவ்வளவோ. கூட்டினால் நாளுக்கு அரை மணிக்குக் குறையவில்லை. பல நிறுவனங்கள் பெட்டியில் போடும் பேட்டரிக் கணக்கும் நாளுக்கு அரை மணி வாசிப்பு என்று வைத்துத்தான் வாரங்களைச் சொல்கிறது. அதைப் பிறகு படித்தபோது, மற்றவர்களும் இப்படித்தான் படிக்கிறார்கள் போல என்று ஆறுதலாக இருந்தது.

எல்லாப் புத்தகமும் இந்தத் துண்டு நேரத்துக்குச் சரிப்படாது. சிறுகதை, கட்டுரை, பயணக்குறிப்பு, விறுவிறுப்பான நாவல் எல்லாம் நன்றாகப் போகும். கவிதை எனக்கு நிற்கவில்லை. சத்தத்தில் படித்த கவிதை மனசுக்குள் இறங்காமலே போய்விடுகிறது. முப்பது பாத்திரங்கள் வரும் பெரிய குடும்ப நாவலும் கஷ்டம். யார் யாருக்கு என்ன உறவு என்று ஒவ்வொரு முறையும் பின்னால் புரட்ட வேண்டும், இ-ரீடரில் பின்னால் புரட்டுவது காகிதத்தைவிடச் சிரமம். அப்புறம் ஒரு பழக்கம் தானாக வந்தது. அத்தியாய முடிவில் நிறுத்த மாட்டேன், காட்சியின் நடுவில் நிறுத்துவேன். அத்தியாயம் முடிந்த இடத்தில் விட்டால் மறுநாள் புதிதாகத் தொடங்குவது போல ஒரு சோம்பல் வரும். யாரோ ஏதோ சொல்ல வாய் திறக்கும் இடத்தில் விட்டால், என்ன சொன்னார் என்று பார்க்கவாவது திறப்பேன்.

படித்து முடித்த புத்தகத்தின் பெயரையும் தேதியையும் ஒரு சின்ன நோட்டில் எழுதி வந்தேன். மூன்றாம் வருட முடிவில் அதை எடுத்துப் பார்த்தபோது நம்பவே முடியவில்லை. மொத்தம் 31 புத்தகம். அதில் விடுமுறை மாதங்களில் முடித்தது 4 மட்டும். அதிகம் முடித்தது தேர்வு மாதங்களில். இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன், கணக்கு சரிதான்.

யோசித்தால் புரிகிறது. தேர்வு மாதத்தில் நாளுக்கு ஒரு விளிம்பு இருக்கிறது. மூன்று மணி நேரம் சமன்பாடுகளோடு மல்லுக்கட்டிய பிறகு, மனசு வேறு ஒரு உலகத்தைக் கேட்கிறது. இருபது நிமிடம்தான் இருக்கிறது என்று தெரிவதால் அந்த இருபது நிமிடமும் ருசியாக இருக்கிறது. விடுமுறையில் காலையில் எழுந்ததும் முழு நாளும் முன்னால் கிடக்கிறது. எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதால் அப்புறம் படிக்கலாம், அப்புறம் படிக்கலாம் என்றே இரவாகிவிடும். எனக்குக் குறைவாக இருந்தது நேரம்தான் என்று முதல் வருடம் முழுவதும் நம்பியிருந்தேன். அது உண்மையில்லை என்பதை அந்த நோட்டுதான் சொன்னது. கடைசி விடுமுறையில் ஒன்று செய்து பார்த்தேன்: காலையில் போனைத் தொடும் முன் பத்துப் பக்கம். முன்பைவிடப் பரவாயில்லை, ஆனாலும் தேர்வு மாதத்தின் அந்தப் பசி வரவில்லை.

இரவு வாசிப்பு தனிக் கதை. ஹாஸ்டலில் இருவர் தங்கும் அறை. முதல் வருடம் டியூப் லைட்டில் படித்தால் "லைட்டை அணைச்சிட்டுப் படுடி, காலைல எட்டு மணிக்கு கிளாஸ்" என்று போர்வைக்குள்ளிருந்து குரல் வரும். அவள் சொல்வது நியாயம். இ-ரீடரில் விளக்கு திரையின் ஓரத்தில் இருக்கிறது. ஒளி திரையின் மேல் பரவி, அங்கிருந்து பட்டுத் திரும்பி வருகிறது. போன் போலப் பின்னாலிருந்து நேராகக் கண்ணில் அடிப்பதில்லை. மஞ்சள் சாயலுக்கு மாற்றி மிகக் குறைத்து வைத்தால் அவள் தூக்கம் கெடவில்லை, என் தூக்கமும்தான். 2014 கடைசியில் வெளியான ஒரு ஆய்வில் 12 பேரை, தூங்கும் முன் நான்கு மணி நேரம், ஐந்து நாள் ஒளிரும் டேப்லெட்டிலும் ஐந்து நாள் அச்சுப் புத்தகத்திலும் படிக்க வைத்தார்கள். டேப்லெட்டில் படித்த நாட்களில் தூக்கம் வரச் சுமார் 10 நிமிடம் தாமதமானது, தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பும் குறைந்தது. அது டேப்லெட், அதுவும் முழு வெளிச்சத்தில். குறைந்த வெளிச்ச இ-இங்க்கை அதோடு சேர்த்து எண்ண முடியாது. என் அனுபவத்தில், இரவு பதினைந்து நிமிடம் கதை படித்த நாட்களில் படுத்ததும் தூங்கியிருக்கிறேன்.

தமிழில் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, ஏனென்றால் நான் அதிகம் திண்டாடியது இங்கேதான். முதலில் பிடிஎஃப். நம்மிடம் கிடைக்கும் பழைய தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பகுதி ஸ்கேன் செய்த பிடிஎஃப். அதில் பக்கம் ஒரு படம் போல உறைந்திருப்பதால் எழுத்தைப் பெரிதாக்க முடியாது, பக்கத்தைத்தான் பெரிதாக்கலாம். ஆறு அங்குலத்தில் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் நகர்த்திப் படிப்பது நரகம். ஈபப் என்ற மின்புத்தக வடிவில் இருந்தால் எழுத்து திரைக்கு ஏற்ப ஓடி அமரும். எல்லாக் கருவிக்கும் பொதுவான யுனிகோடு என்ற எழுத்துக் குறியீடு பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் இன்னொரு சிக்கல். திறந்தால் புரியாத ரோமன் எழுத்துகளாகக் கொட்டும், எழுத்துரு மாற்றியில் போட்டு யுனிகோடாக்கிய பிறகுதான் படிக்க வரும்.

1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் சேர்த்துவைத்த தமிழ் நூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் என்ற இணையதளத்தில் ஈபப்போடு ஆறு அங்குலத் திரைக்கென்றே அளவெடுத்த பிடிஎஃப்பும் தருகிறார்கள். அந்த அளவை யோசித்துச் செய்தவர்களுக்கு மனசார நன்றி. கோப்பு வடிவை மாற்றுவதற்கு காலிபர் என்ற இலவச மென்பொருள் போதும். எழுத்துருவாக நோட்டோ செரிஃப் தமிழைக் கருவியில் ஏற்றிய பிறகு கண்ணுக்கு இதமாக இருந்தது. இன்னொன்றையும் அவசியம் செய்யுங்கள்: வரிகளை இருபுறமும் சமமாக நிறுத்தும் அமைப்பை அணைத்துவிடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம். ஒரு வரியில் மூன்று சொல்தான் வரும்போது இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் அகல ஓட்டை விழுகிறது. இடப்பக்கம் மட்டும் ஒட்டவிட்டால் சரியாகிவிடும். அகராதி வசதி எனக்குத் தமிழில் உதவவில்லை. 'மரத்திலிருந்து' என்பதைத் தொட்டால் அதை அப்படியே தேடுகிறது, 'மரம்' என்று அதற்குத் தெரிவதில்லை.

பக்கம் மாறும்போது சில சமயம் திரை கறுத்து வெளுக்கும். முந்தைய பக்கத்தின் நிழல் மெலிதாகத் தங்கும். ஒரு வாரத்தில் பழகிவிடுகிறது. இரண்டாம் வருடம் மாடிப்படியில் விழுந்து ஓரத்தில் ஒரு கீறல், அவ்வளவுதான். பேட்டரி முதலில் ஐந்து வாரம் வந்தது, இப்போது பத்து நாள் வருகிறது.

பாடப்புத்தகத்துக்கு இதை வாங்காதீர்கள். வரைபடமும் சமன்பாடும் நொறுங்கிப் போகின்றன. 2018-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, தகவல் சார்ந்த எழுத்தைக் காகிதத்தில் படிக்கும்போதுதான் நன்றாகப் புரிகிறது என்றது. நேர நெருக்கடி இருக்கும்போது வித்தியாசம் இன்னும் கூடியது. கதை வகை எழுத்தில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. பாடம் காகிதத்தில், கதை இதில் என்று நான் பிரித்துக்கொண்டது இதனால்தான். இதில் இன்னொரு லாபமும் உண்டு. இந்தக் கருவியைக் கையில் எடுத்தாலே பாடம் இல்லை என்று மனசுக்குத் தெரிந்துவிடுகிறது.

மூன்றாம் செமஸ்டரில் எல்லோரும் புகழ்ந்த ஒரு நாவலில் இரண்டு மாதம் மாட்டிக்கொண்டேன். பிடிக்கவில்லை, விடவும் மனசில்லை, அதனால் கருவியைத் திறப்பதையே தவிர்த்தேன். "பிடிக்கலன்னா மூடி வெச்சிடும்மா, இதுக்கு யாரும் மார்க் குறைக்க மாட்டாங்க" என்றார் மேல் வகுப்பு அக்கா ஒருவர். அன்றே மூடினேன். அதற்கடுத்த வாரம் ஒரு புத்தகத்தை மூன்றே நாளில் முடித்தேன். நேரமில்லை என்று சொல்பவர்களிடம் இப்போது நான் முதலில் கேட்பது, கையில் இருக்கும் புத்தகம் பிடித்திருக்கிறதா என்றுதான்.

வாங்கலாமா என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். முதலில் ஒரு மெல்லிய காகிதப் புத்தகத்தை இரண்டு வாரம் பையில் போட்டுப் பாருங்கள் என்கிறேன். காத்திருக்கும்போது கை தானாக அதைத் தேடினால் வாங்குங்கள், நான்கு வருடம் நன்றாக உழைக்கும். போனைத்தான் தேடியது என்றால் அதே புத்தகத்தைப் பையிலேயே விட்டு, போனைப் பையின் அடியில் போட்டு இன்னும் ஒரு வாரம் பாருங்கள்.