ஜிப்ஸியின் முன் நக்கிள்: சீலைக் குறை சொல்வதற்கு முன் பிரீதரைப் பாருங்கள்

"அண்ணே, பழைய ஜிப்ஸி ஒண்ணு வருது, எடுக்கலாமா?" காரைக்குடி, தேவகோட்டை பக்கம் மாருதியின் இந்த ஜீப் ரக வண்டியை வைத்திருப்பவர்களிடம் வருடத்துக்கு நாலு பேராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள். கேட்கிறவர்கள் எஞ்சினைப் பற்றியும் மைலேஜைப் பற்றியும்தான் விசாரிப்பார்கள். அதில் சொல்ல அதிகமில்லை. பிந்தைய வண்டிகளில் 1,298 சிசி எம்.பி.எஃப்.ஐ. (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும்) எஞ்சின், 80 குதிரைத்திறன். பெட்ரோல் குடிக்கும், ஆனால் ஆயிலும் கூலண்ட்டும் நேரத்துக்கு மாற்றினால் வருடக்கணக்கில் வாயைத் திறக்காது. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று விற்கிறவருக்கே தெரியாவிட்டால், வாங்கிய வாரமே அதை மாற்றிவிட வேண்டும். எஞ்சின் கதை அவ்வளவுதான்.

யாரும் கேட்காத இடம், முன் சக்கரத்துக்கு உள்பக்கம் இருக்கிற இரும்பு உருண்டை. பல வருடம் இந்த வண்டியை வீட்டிலேயே பராமரிப்பவரின் ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்பது அதுதான்.

ஜிப்ஸிக்கு முன்னாலும் முழு ஆக்ஸில், அதாவது இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே இரும்புக் குழாய். அதன் இரண்டு முனையிலும் உள்ளே குடைந்த உருண்டை ஒன்று இருக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் அந்த உருண்டையைக் கவ்வியபடி, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு கிங் பின்களில் திரும்புகிறது. ஒவ்வொரு கிங் பின்னுக்கும் 30203 அளவில் சின்ன டேப்பர் பேரிங். உருண்டைக்குள் சக்கரத்தைச் சுற்றும் ஜாயிண்ட், கிரீஸில் முங்கிக் கிடக்கும். காவலுக்கு இரண்டு சீல். ஒன்று ஆக்ஸில் குழாயின் முனையில் இருக்கும் உள் சீல். ஆக்ஸிலில் இருந்தபடி விசையை இரு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டிதான் டிஃபரன்ஷியல்; அதன் ஆயில் உருண்டைக்குள் வராமல் தடுப்பது இந்த சீலின் வேலை. இன்னொன்று உருண்டையின் முதுகை வெளியிலிருந்து துடைக்கும் வைப்பர் சீல். கம்பளி, ரப்பர், இரும்பு வளையம் என்று அடுக்காக எட்டு போல்ட்டில் உட்கார்ந்திருக்கும்.

உள் சீல் விட்டால் டிஃபரன்ஷியலில் இருக்கும் 80W-90 கியர் ஆயில் உருண்டைக்குள் புகுந்து கிரீஸைக் கரைக்கும். கிரீஸ் கரைந்து கறுப்புக் குழம்பாகி வைப்பர் சீல் வழியே வெளியே வரும். டயரின் உள்பக்கம் கறை, பிறகு வீல் ரிம்மில் துளித்துளியாகச் சிதறல், விட்டுவிட்டால் பிரேக் டிஸ்க்கிலும் படும். எந்தப் பட்டறைக்குக் கொண்டுபோனாலும் "சீல் போச்சுண்ணே" என்று சீலை மாற்றித் தருவார்கள். ஆறு மாதத்தில் மறுபடி ஒழுகும். மறுபடி சீல். இதுதான் ஆத்திரம் வருகிற இடம். மூன்றாவது முறை சீல் மாற்றும்போதாவது, சீல் ஏன் போகிறது என்று யாராவது ஒருவர் கேட்டிருக்க வேண்டாமா?

பெரும்பாலான வண்டிகளில் காரணம் ஆக்ஸிலின் முதுகில் இருக்கிறது. அங்கே சுண்டுவிரல் நுனியளவில் ஒரு பிரீதர் உண்டு. ஓடும்போது டிஃபரன்ஷியல் சூடாகும், உள்ளே இருக்கும் காற்று விரியும், அது வெளியேற அந்தச் சின்ன மூடிதான் வழி. நம் ஊர்ப் புழுதி செம்புரான் புழுதி. மாவு போல நைசாகக் கிளம்பி, ஆயில் பட்ட இடத்தில் அப்பிக்கொண்டு, காய்ந்தால் சுண்ணாம்புக் காரை மாதிரி இறுகிவிடும். பிரீதர் அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். ஆயிலுக்கு வேறு வழியில்லை, உள் சீலின் உதட்டைத் தூக்கிக்கொண்டு போகும். புது சீலாக இருந்தாலும் இதே கதிதான்.

எதிர்த்திசையிலும் கெடுதல் உண்டு. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடிச் சூடான ஆக்ஸிலைக் கண்மாய்த் தண்ணீரில் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். சீல் உதடு வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். டிஃபரன்ஷியல் ஆயில் மோர் நிறத்தில் வடிந்தால் இதுதான் நடந்திருக்கிறது.

சோதிப்பது சுலபம். இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்ததும், சூடு ஆறுவதற்குள், முன் டிஃபரன்ஷியலின் நிரப்பும் பிளக்கை மெதுவாகத் தளர்த்துங்கள். 'உஸ்ஸ்' என்று காற்று சீறினால் பிரீதர் அடைப்பு. சத்தம் வராவிட்டால் சீலையும், அதற்குள் சுழன்று சக்கரத்தை ஓட்டும் ஷாஃப்ட்டையும் சந்தேகப்படலாம்.

நிரந்தரத் தீர்வுக்கு ஒரு மணி நேரம் போதும். பிரீதர் மூடியைக் கழற்றி, அதே மரையில் ஓஸ் செருகும் நிப்பிள் போட்டு, அதன் வாய்க்குப் பொருந்தும் பெட்ரோல் ஓஸை எஞ்சின் அறையின் பின்சுவர் உயரம் வரை கொண்டுபோய், முனையில் இருசக்கர வாகனத்துக்குப் போடும் சின்ன பெட்ரோல் ஃபில்டரைச் செருகிக் கவிழ்த்துக் கட்டிவிட வேண்டும். இரண்டு விஷயத்தில் கவனம் தேவை. வழியில் ஓஸ் எங்கேயும் தொய்ந்து தொட்டில் போலத் தொங்கக் கூடாது. அதில் தண்ணீர் நின்றால் மறுபடி அடைப்புதான். அதே நேரம் ஆக்ஸில் முழுக்கக் கீழே இறங்கும்போது இழுபடாத அளவுக்கு மடிப்பும் விட வேண்டும். வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டு நீளத்தை அளந்தால் தப்பு வராது. பின் ஆக்ஸிலுக்கும் இதே வேலையைச் செய்துவிடுங்கள்.

இனி நக்கிளைப் பிரிப்பது. முதலில் இடம். வீட்டு முகப்பில் ஆத்தங்குடிக் கல் பாவியிருந்தால் அங்கே ஜாக்கி வைக்காதீர்கள். அது கையால் வார்த்த சிமென்ட் கல்; ஜாக்கி அடி பட்ட இடம் விரியும், சிந்தும் கிரீஸைக் குடித்துக்கொண்டு கறையை விடாது. வண்டிக் கொட்டகையின் கெட்டித் தரைதான் சரி, அங்கும் ஜாக்கிக்கு அடியில் ஒன்றரை அங்குலப் பலகை. ஆக்ஸிலை ஸ்டாண்டில் நிறுத்தாமல் அடியில் கை வைக்க வேண்டாம்.

சக்கரம், பிறகு பிரேக் காலிப்பர். காலிப்பரை ஓஸில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங் பட்டையில் கட்டுங்கள். ஹப், ஸ்பிண்டில் வெளியே வந்தால் ஷாஃப்ட்டை நேராக இழுத்துவிடலாம். இரண்டு நக்கிளையும் இணைக்கும் டை ராடு கம்பியின் முனையைக் கழற்ற, நட்டை முழுக்க எடுக்காமல் நாலு மரை தளர்த்தி, ஆர்மின் பக்கவாட்டில் சுத்தியலால் இரண்டு தட்டு. டேப்பர் தானாக விடும். முள்கரண்டி மாதிரி இருக்கும் கருவியை அடித்து இறக்கினால் ரப்பர் பூட் கிழியும். பின்பக்கத்து எட்டு போல்ட்டை எடுத்து வளையத்தை நகர்த்திய பிறகு கிங் பின்கள். மேல் பின், கீழ் பின், அவற்றின் அடியில் இருக்கும் ஷிம்கள் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்) இவற்றைத் தனித்தனிக் கிண்ணத்தில் போட்டு 'மேல்', 'கீழ்' என்று எழுதி வையுங்கள்.

டீசலில் கழுவியதும் பேரிங் கப்பை (ரோலர்கள் உருளும் வெளி வளையம்) வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பழைய வண்டி என்றால் ரோலர் உட்கார்ந்த இடத்தில் வரிவரியாகப் பள்ளம் தெரியும். நேர் சாலையில் ஸ்டியரிங் நடுவிலேயே நிற்பதால் ரோலர்கள் ஒரே இடத்தில் குத்திக் குத்தி உண்டாக்கிய பள்ளம் அது. நகத்தை ஓட்டினால் சீப்புப் பல்லில் ஓட்டுவது போல 'டிக் டிக்' என்று தட்டும். இந்தக் கப்பை விட்டுவிட்டு உருளையை மட்டும் மாற்றுவது வீண். கப்பும் உருளையும் சோடியாகத்தான் மாற வேண்டும். பழைய கப்பைப் பித்தளைக் கம்பி வைத்து மாறிமாறித் தட்டி இறக்கலாம்.

உள் சீலைப் போடும்போது ஸ்பிரிங் தெரிகிற பக்கம், அதாவது உதடு, டிஃபரன்ஷியலைப் பார்த்திருக்க வேண்டும். ஷாஃப்ட்டில் பழைய சீல் தேய்த்த தடம் நகத்தில் தட்டுகிறதா என்று பாருங்கள். தட்டினால் எந்த உயர்ந்த சீலும் அங்கே நிற்காது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்பின் தள்ளி, உதடு தேயாத இரும்பில் உட்காரும்படி சீலை இறக்குங்கள். உருண்டையின் முதுகில் துரு இருந்தால் 400, பிறகு 600 நம்பர் தண்ணிப் பேப்பர். ஆழமான குழிகளை இரும்புப் பசையால் நிரப்பித் தேய்த்தால்தான் வைப்பர் சீல் கிழியாது. மலிவு விலை கிட்டில் வரும் ரப்பர் ஒரு கோடைக்குள் கட்டையாகிவிடுகிறது, அதில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இப்போது பலரும் தாண்டிப் போகிற வேலை, பேரிங் இறுக்கம். ஷாஃப்ட்டும் வைப்பர் சீலும் இல்லாமல் கிங் பின்களை மட்டும் இறுக்கி, டை ராடு துளையில் ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டு இழுங்கள். நக்கிள் அசையத் தொடங்கும் இடத்தில் தராசு 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் நடுவில் காட்ட வேண்டும். குறைவாகக் காட்டினால் ஷிம் எடுக்க வேண்டும், கூடினால் சேர்க்க வேண்டும். மேலே எடுத்த அளவே கீழேயும் எடுத்தால்தான் நக்கிள் உருண்டைக்கு நடுவில் நிற்கும். இல்லாவிட்டால் வைப்பர் சீல் ஒரு பக்கம் அழுந்தி மறுபக்கம் இளகும். சந்தையில் கிடைக்கும் சாதாரண ஸ்பிரிங் தராசு போதும். கையால் ஆட்டிப் பார்த்து "டைட்டா இருக்கு" என்பது அளவு ஆகாது.

ஜாயிண்ட்டின் குண்டுகளுக்குள் கிரீஸை விரலால் அழுத்தி ஏற்றி, உருண்டைக்குள் ஜாயிண்ட் முங்கும் அளவுக்கு வையுங்கள். இடுக்கு விடாமல் அடைத்தால் சூட்டில் விரிந்து சீலைத் தள்ளும். பழைய கிரீஸின் மேலேயே வேறு வகைப் புதுக் கிரீஸைப் பூசவும் கூடாது. டிஃபரன்ஷியல் ஆயில் முன்னால் சுமார் 2 லிட்டர், பின்னால் 1.5 லிட்டர், முன் பின் ஆக்ஸில்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு 0.8 லிட்டர்; சமதரையில் நிறுத்தி நிரப்பும் துளையில் வழியும்வரை ஊற்றினால் சரியாக இருக்கும். இதையெல்லாம் புரட்டாசிக்குள் முடித்துவிட வேண்டும். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் கொட்டகைக்குள்ளும் சேறு வந்துவிடும்.

இந்த வேலையின் உண்மையான பலன் ஒழுக்கு நிற்பது மட்டுமல்ல, வாப்ளிங் நிற்பது. அறுபதைத் தாண்டி ஒரு பள்ளத்தில் விழுந்ததும் ஸ்டியரிங் இரண்டு கையையும் உதறுகிறதே, அது. பட்டறையில் உடனே ஸ்டியரிங் டேம்பர் போடச் சொல்வார்கள். டேம்பர் நடுக்கத்தை மறைக்கும், தேய்ந்த பேரிங்கைப் புதிதாக்காது. முதலில் டயர் காற்றும் பேலன்ஸும் பாருங்கள். பிறகு சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங், மறையாமல் நின்றால் கிங் பின். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது ஆடினால் டை ராடு முனைகள். ஐந்து நிமிடச் சோதனை.

மேம்பாடு என்ற பெயரில் வாப்ளிங்கைக் காசு கொடுத்து வாங்குகிறவர்களும் உண்டு. முன்னால் நீள சாக்கிள் (ஸ்பிரிங் பட்டையின் முனையைச் சேஸியோடு இணைக்கும் ஆடும் துண்டு) போட்டு வண்டியை உயர்த்துவது அதில் முதலிடம். ஜிப்ஸிக்கு முன் ஸ்பிரிங்கின் சாக்கிள் முன்முனையில் இருக்கிறது. அதை நீட்டினால் ஸ்பிரிங் முன்பக்கம் சரியும், ஆக்ஸில் முன்னோக்கி உருளும், கிங் பின்னின் பின்சாய்வு குறையும்; ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. திருத்த வேண்டுமென்றால் ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸில் மேடைக்கும் நடுவில், தடித்த முனை முன்பக்கம் இருக்கும்படி இரும்பு ஆப்பு வைக்கலாம். அலுமினிய ஆப்பு விரிசல் விடும். இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் போனால் பினியன் (டிஃபரன்ஷியலுக்குள் விசையைக் கொண்டுவரும் பல்சக்கரம்) தாழ்ந்து, அதைச் சுற்றும் முன் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் கெடும். உயரம் வேண்டுமென்றால் சாக்கிளைத் தொடாமல் நல்ல ஸ்பிரிங் பட்டை போடுங்கள். டயரில் 205/70-இலிருந்து 215/75 போனாலே விட்டம் 668 மில்லிமீட்டரிலிருந்து சுமார் 703 ஆகிவிடும்; மீட்டர் 60 காட்டும்போது வண்டி 63-இல் ஓடும். நம் கண்மாய்க்கரைகளுக்கு அது தாராளம். அதைவிடப் பெரிய டயர் இந்தச் சின்ன கிங் பின் பேரிங்குகளுக்குத்தான் சுமை. சீமைக்கருவேல முள் பெரிய டயரையும் விடாது.

துரு பற்றி ஒரு வார்த்தை. துரு, அரிப்பு பற்றியெல்லாம் ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியிலேயே இருக்கிறது, 1948-இல் அடிக்கல் நாட்டியது. அதே ஊரில் ஜிப்ஸிகளின் தரை, ரப்பர் மேட்டுக்கு அடியில் ஓட்டையாவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. ரப்பர் மேட்டைத் தூக்கிக் காயவைப்பதற்கு ஒரு செலவும் இல்லை.

நல்லதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். லோ ரேஞ்சில் (வேகம் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர்) போட்டுக் கண்மாய்க்கரையில் ஏற்றினால், ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே ஆடு மேய்வது போல நிதானமாக ஏறும். ஒரு டன்னை ஒட்டிய எடைதான் என்பதால் ஈரமணலில் கனத்த ஜீப்புகள் புதையும் இடத்தில் இது மேலேயே போகும். எல்லாப் போல்ட்டுக்கும் கை எட்டும், கம்ப்யூட்டர் மாட்டாமல் முக்கால்வாசி வேலை முடியும். இந்த விதத்தில் இதற்கு ஈடான வண்டி இன்றைக்குப் புதிதாகக் கிடைப்பதில்லை.

இருந்தும், வீட்டில் ஒரே வண்டியாக இதை வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். நக்கிளைப் பிரித்து வைத்திருக்கும் இரண்டு நாளும் வேறு வண்டி வேண்டும், கெட்டித் தரை வேண்டும், கையில் கிரீஸ் படுவதைப் பொருட்படுத்தாத மனசு வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் இந்த வண்டி உங்களையும் படுத்தி, பட்டறைக்காரரையும் படுத்தும்.

மூன்றும் இருக்கிறது என்றால் வண்டி பார்க்கப் போகும்போது பழைய துணி ஒன்று எடுத்துப் போங்கள். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, முன் சக்கரத்தின் பின்னால் கைவிட்டு உருண்டையைத் துடைத்துப் பாருங்கள். மெல்லிய கிரீஸ் படலம் இருந்தால் நல்ல வண்டி. கறுப்புக் குழம்பு வந்தால் விலையைக் குறைத்துப் பேசலாம். உருண்டை சுத்தமாகக் காய்ந்து, துருப்பிடித்து, துணியில் ஒன்றுமே ஒட்டவில்லையென்றால் ஒழுகவில்லையே என்று மகிழ வேண்டாம். உள்ளே ஒழுகுவதற்கு எதுவும் மிச்சமில்லை. ஜாயிண்ட்டுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கிக்கொண்டு பேச்சைத் தொடங்குங்கள்.