யூவெர்ஷன் வேதாகமச் செயலி: பகிர்வதற்கு முன் வாசிக்க

வேலைக்குப் போகும் வழியில் பேருந்திலோ ரயிலிலோ சற்று நேரமாவது வேதவசனத்தோடு இருக்க விரும்புகிறவர்களுக்கு யூவெர்ஷன் வேதாகமச் செயலியைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் உள்ள லைஃப்.சர்ச் சபை 2008-இல் வெளியிட்ட இச்செயலி, 2021-இல் 50 கோடி நிறுவல்களை எட்டியது. இதற்குக் கட்டணம் இல்லை, விளம்பரமும் இல்லை. நன்கொடைகளைக் கொண்டே நடத்தப்படுகிறது. சங்கீதம் ஒன்றை வாசித்துக்கொண்டிருக்கும்போது கடன் விளம்பரமோ சூதாட்ட விளம்பரமோ நடுவில் வந்து நிற்காது என்பதை நான் சிறிய காரியமாக எண்ணவில்லை.

தமிழில், நம் சபைகளில் தலைமுறைகளாக வாசிக்கப்பட்டு வரும் ஓ.வி. (பழைய) மொழிபெயர்ப்பும், எளிய நடையிலான ஈ.ஆர்.வி., ஐ.ஆர்.வி. ஆகிய மொழிபெயர்ப்புகளும் இதில் கிடைக்கின்றன. இவை 66 புத்தகங்களைக் கொண்டவை என்பதால், தோபித்து, யூதித்து முதலிய நூல்களைத் தேடும் கத்தோலிக்க வாசகர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

நம்மவர்கள் இச்செயலியை மிகுதியாகப் பயன்படுத்துவது வசனப் படங்களைப் பகிர்வதற்குத்தான். புத்தாண்டு ஆராதனையில் வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை வாங்கிப் பழகிய நமக்கு, வசனத்தை அழகிய படமாக்கி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பது இயல்பாகவே வந்துவிட்டது. அதில் தவறில்லை. ஆனால், அவ்வாறு அடிக்கடி பகிரப்படும் எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்; தம் மக்களைக் குறித்துத் தாம் நினைப்பது தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று தேவன் அதில் சொல்கிறார். படத்தோடு நின்றுவிட்டால், அது நம் வேலைக்கும் திருமணத்துக்குமான தனிப்பட்ட உறுதிமொழியாக மட்டுமே தோன்றும். அதிகாரம் முழுவதையும் திறந்து வாசித்தால்தான், அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்ட நிருபம் என்பதும், விடுதலைக்கு எழுபது வருஷம் ஆகும் என்று முந்தின வசனமே சொல்வதும், அதுவரை அந்நிய ஊரில் வீடு கட்டி, தோட்டம் நாட்டும்படி ஐந்தாம் வசனமும், அப்பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபிக்கும்படி ஏழாம் வசனமும் கட்டளையிடுவதும் தெரியவரும். பல சமயத்தவர் நடுவே வாழ்கிற நமக்கு அந்த ஏழாம் வசனம் எவ்வளவு தேவையானது! படத்தைப் பகிர்வதற்கு முன் அதிகாரத்தை முழுவதும் வாசிக்கும் பழக்கத்தை நம் வாலிபர்களுக்குக் கட்டாயம் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நண்பர்களோடு சேர்ந்து வாசிக்கும் திட்டங்களே இச்செயலியின் மிகச் சிறந்த பகுதி என்பேன். ஒவ்வொரு நாளும் பகுதியை வாசித்து முடித்ததும், குழுவில் உள்ளவர்கள் தங்கள் எண்ணங்களை அங்கேயே எழுதலாம். எங்கள் சபைக் குழுவில் மாற்கு சுவிசேஷத்தை வாசித்தபோது, இரவுப் பணி முடித்துத் திரும்பிய செவிலியரான ஒரு சகோதரி ஐந்தாம் அதிகாரத்தைக் குறித்து எழுதியதை மறக்க முடியவில்லை. பெரும்பாடுள்ள (நீங்காத இரத்தப்போக்கால் வருந்திய) ஸ்திரீயைக் கூட்டத்தின் நடுவே இயேசு நின்று தேடினார்; தானோ வார்டில் நோயாளிகளைப் படுக்கை எண்ணைச் சொல்லியே அழைத்துவந்ததாகவும், அன்றுமுதல் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்கியதாகவும் எழுதியிருந்தார். அவருடைய வார்டில் பெரும்பாலானோர் கிறிஸ்தவர்கள் அல்லர். நம்மிலுள்ள நம்பிக்கையைக் குறித்து விசாரிக்கிறவர்களுக்குச் சாந்தத்தோடு உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருக்கும்படி 1 பேதுரு 3:15 சொல்கிறது. ஆனால், இப்படிப்பட்ட நடத்தையைக் கண்டால்தானே ஒருவர் விசாரிக்கவே வருவார்?

குறைகளும் உண்டு. ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் தமிழில் வாசிப்புத் திட்டங்கள் மிகக் குறைவு. இருப்பவற்றிலும் பல வேறு நாட்டுச் சூழலில் எழுதப்பட்டவை. கூட்டுக் குடும்பம், சாதி, வரதட்சணை, வேற்றுச் சமயத்து அண்டை வீட்டார் என நாம் அன்றாடம் சந்திக்கும் சூழல்களில் விசுவாசத்தை எப்படி வாழ்ந்து காட்டுவது என்று நம் மண்ணிலிருந்தே எழுதப்பட்ட தியானங்கள் வர வேண்டும். தொடர்ந்து எத்தனை நாட்கள் செயலியைத் திறந்தோம் என்று கணக்கிட்டுக் காட்டும் வசதியும் எல்லோருக்கும் உகந்ததன்று. சிலருக்கு அது ஊக்கம் தரும், சிலரையோ ஒருநாள் தவறியதும் குற்ற உணர்வில் தள்ளிவிடும். அத்தகையவர்கள் அந்த எண்ணிக்கையைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடலாம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஓ.வி.யையும் ஈ.ஆர்.வி.யையும் அடுத்தடுத்து ஒப்பிட்டு வாசிக்கலாம். அத்துடன், நம்பிக்கைக்குரிய மூன்று நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு, குறுகிய திட்டம் ஒன்றில் தொடங்குவது நல்லது. பெரிய குழுவில் பலர் மனம் திறந்து எழுதுவதில்லை.