வார்த்தைக்குப் பின்னாடி கதை சொல்ற ஆப்: 3 ஸ்டார், அதுவும் டான்டலஸுக்காக

ஒரு மாசம் யூஸ் பண்ணிட்டுதான் எழுதுறேன். இங்கிலீஷ் வார்த்தை ஒண்ணு போட்டா அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு சொல்ற ஆப், பேரு வேணாம், ஏன்னா கொஞ்சம் திட்டப் போறேன்.

மொதல்ல தேடுனது டான்டலைஸ். கிரேக்கக் கதையில தேவர்களுக்கே தலைவன் ஸியூஸ், அவனோட மகன் டான்டலஸ்னு ஒரு ராஜா, தேவர்களை விருந்துக்கு கூப்பிட்டு சொந்தப் புள்ள பெலப்ஸையே வெட்டி சமைச்சு வச்சிட்டான், அவங்களுக்கு கண்டுபிடிக்கத் தெரியுதான்னு பாக்கணுமாம், அதுக்கு தண்டனையா அவனை பாதாளத்துல... அவ்ளோதான். அதுக்கு கீழ எல்லாம் மங்கல், முழுக்கதைக்கு பிரீமியம் வாங்குன்னு ஒரு பட்டன். விரலால தள்ளுனா அடுத்த வரி அரை செகண்ட் தெளிவா வந்துட்டு திரும்ப மங்கிடுது!

கடுப்புல பிரீமியம் போட்டு பாத்தா தண்டனையே இதான். கழுத்தளவு தண்ணில நிக்கிறான், குனிஞ்சா தண்ணி வத்திப் போயிடும், தலைக்கு மேல பழம் தொங்குது, கை நீட்டுனா காத்து கிளையை தள்ளிட்டுப் போயிடும். ஆப் பண்ணவங்களுக்கு குசும்பா இல்ல தெரியாமலே செஞ்சாங்களான்னு இன்னும் புரியல.

ஆனா தமிழ் அர்த்தம் போட்ட இடத்துல சொதப்பிட்டாங்க. டான்டலைஸ்னா 'சித்திரவதை செய்' அப்படின்னு இருக்கு. அடி உதை எதுவும் இல்லைங்க அதுல, ஆசை காட்டி ஏமாத்துறதுதான். டான்டலஸ் நிலைமைக்கு கைக்கு எட்டுனது வாய்க்கு எட்டலன்னு நம்மகிட்ட ரெடியாவே இருக்கு, அதைப் போட்டிருக்கலாம். இன்னொண்ணு, புள்ளக்கறிக் கதை மட்டும்தான் காரணம்ங்கிற மாதிரி எழுதியிருக்காங்க. பழைய கிரேக்கக் கவிஞர் ஹோமரோட ஒடிஸி காவியம் 11வது பாகத்துல இந்த தண்ணி, பழம் எல்லாம் வருது, ஆனா என்ன தப்பு பண்ணான்னே அதுல இல்ல. தேவர்களோட அமிர்தத்தை திருடுனான், அவங்க ரகசியத்தை வெளிய சொன்னான்னு பின்னாடி வந்தவங்க ஆளுக்கொண்ணு சொல்றாங்க.

காசு குடுத்ததுக்கு வொர்த்னா அது டான்டலம் பக்கம்தான். 1802ல ஸ்வீடன்காரர் எக்கபெர்க் ஒரு புது உலோகம் கண்டுபிடிக்கிறாரு, அதோட ஆக்ஸைடு ஆசிட்டுக்குள்ளயே கெடந்தாலும் ஆசிட்டை எடுத்துக்கவே மாட்டேங்குது, தண்ணில நின்னும் குடிக்க முடியாதவன் மாதிரி, அதனால அந்தப் பேரு. 1844ல ரோஸ்னு ஒரு ஜெர்மன்காரர், அதே தாதுல கலந்து கெடந்த இன்னொரு உலோகத்தை வேறன்னு காட்டி, டான்டலஸோட பொண்ணு நையோபி பேரை அதுக்கு வச்சு நையோபியம் ஆக்கிட்டாரு. அப்பனும் மகளும் ஒரே கல்லுக்குள்ள. கரண்டை சேத்து வைக்கிற கெபாசிட்டர்ல டான்டலம் போடுவாங்கன்னு தெரியும், பேருக்குப் பின்னாடி இவ்ளோ இருக்கும்னு நெனச்சே பாக்கல.

பண்டோரா பக்கம் சுமார், அதான் அவ திறந்ததும் உலகத்துத் துன்பம் எல்லாம் வெளிய வந்துச்சுன்னு சொல்ற 'பண்டோராவோட பெட்டி' கதை. பழைய கிரேக்கக் கதையில பெட்டியே கெடையாது, பெரிய ஜாடிதான், 16ம் நூற்றாண்டுல எராஸ்மஸ்னு ஒரு அறிஞர் லத்தீன்ல எழுதும்போது பெட்டி ஆயிடுச்சு, அதைப் பத்தி ஒரு வரி இல்ல, படத்துல வேற பூட்டோட ஒரு பொட்டி. ஆடியோ உச்சரிப்பு ஓகே. நெட் இல்லன்னா ஆப் திறக்கவே திறக்காது.

அப்புறம் தினம் ஒரு வார்த்தை நோட்டிபிகேஷனை மொதல்ல ஆஃப் பண்ணிடுங்க. நேத்து நைட்டு 2 மணிக்கு டிங்குனு எழுப்பி விட்டுச்சு, என்னன்னு பாத்தா ஹிப்னாஸிஸ், தூக்கத்தோட கடவுள் பேரு ஹிப்னாஸாம்.