கூடாரத்துக்குள் கார்பன் டை ஆக்சைடு: மூன்று வருடம் ஓட்டிப் பார்த்ததில்

வெளிச்சமும் தண்ணீரும் போக, காற்றில் கார்பன் டை ஆக்சைடைக் கூட்டினால் செடி வேகமாக வளரும் என்பதால், வீட்டுக்குள் செடி வளர்க்கும் கூடாரத்தில் அந்த வாயுவை விட்டுப் பார்த்து வருகிறேன். இந்த மூன்று வருடத்தில் நான் அதிகம் திட்டியது அந்த வாயுவை அளக்கும் சென்சாரைத்தான். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது நாலடிக்கு நாலடி, ஆறரை அடி உயரக் கூடாரம். எல்இடி விளக்கு, ஒரு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், ரெகுலேட்டர், மின்சாரத்தில் இயங்கும் சொலினாய்டு வால்வு, சென்சார் காட்டும் அளவைப் பார்த்து அதைத் திறந்து மூட ஒரு கன்ட்ரோலர். இந்தச் சாமான்களுக்கான அறிவுரைகள் பெரும்பாலும் கஞ்சா வளர்ப்பவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. கூசாமல் 1,500 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் இத்தனை பங்கு) வரை ஏற்று என்பார்கள். என் பயிர்கள் சாதுவானவை: லெட்யூஸ், தக்காளி, கொஞ்சம் தண்டுக்கீரை. 1,000 பிபிஎம்மோடு நிறுத்திக்கொண்டேன்.

முதல் ஆறு மாதம் சுத்த வேஸ்ட். வெளிக்காற்றில் சுமார் 425 பிபிஎம் இருக்கிறது. அதை 1,000 ஆக்க என் கூடாரத்துக்கு ஒன்றே முக்கால் லிட்டர் வாயு போதும், அதாவது மூன்று கிராம் சொச்சம். ஆனால் எக்ஸாஸ்ட் ஃபேன் நிமிடத்துக்கு 2,000 லிட்டர் காற்றை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. நான் விட்டதெல்லாம் ஒன்றரை நிமிடத்தில் போயிற்று. ஃபேனை நிறுத்தினால் சூடும் ஈரப்பதமும் ஏறி இலைகளில் பூஞ்சை. கடைசியில் ஏசியும், ஈரப்பதத்தை உறிஞ்சும் டிஹியூமிடிஃபையரும் வைத்து ஃபேனை நிறுத்திய பிறகுதான் வாயு உள்ளே தங்கியது. அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

வெளிச்சம் குறைவாக இருந்தால் இதெல்லாம் வீண். பழைய விளக்கில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. விளக்கை மாற்றிய பிறகு லெட்யூஸ் ஏறக்குறைய ஒரு வாரம் முன்னதாகவே அறுவடைக்கு வந்தது. கூடவே இலை நுனி கருகலும் வந்தது. வளர்ச்சியின் வேகத்துக்குக் கால்சியம் உள்ளிலைகளுக்குப் போய்ச் சேரவில்லை. சிறிய ஃபேன் ஒன்றை நேராக நடுக்குருத்தில் படும்படி வைத்ததும் குறைந்தது.

தண்டுக்கீரை மட்டும் அசையவே இல்லை. காரணம் பிறகுதான் உறைத்தது. லெட்யூஸ், தக்காளி போன்றவற்றில் ரூபிஸ்கோ என்ற நொதி கார்பன் டை ஆக்சைடுக்குப் பதிலாக அடிக்கடி ஆக்சிஜனைப் பிடித்து ஏமாறும். வாயுவைக் கூட்டினால் அந்தத் தவறு குறையும். தண்டுக்கீரையும் மக்காச்சோளமும் சி4 வகை. இலைக்குள்ளேயே வாயுவைச் செறிவாக்கிக்கொள்ளும் ஏற்பாடு அவற்றுக்குப் பிறவியிலேயே உண்டு. நாம் ஊட்ட வேண்டியதில்லை.

இப்போது சென்சார். இரண்டாம் வருடம் சிலிண்டர் வழக்கத்தைவிட வேகமாகக் காலியானது. சோப்பு நுரை தடவி ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தேன், கசிவு இல்லை. சந்தேகப்பட்டுச் சென்சாரைக் கழற்றித் திறந்த வெளியில் பிடித்தால் 180 காட்டியது. உலகத்தில் எங்குமே அப்படிப்பட்ட காற்று கிடையாது! விஷயம் என்னவென்றால், இவற்றில் பலவும் ஒரு வாரத்தில் பார்த்த மிகக் குறைந்த அளவை வெளிக்காற்று என்று எடுத்துக்கொண்டு, தம்மைத் தாமே 400-க்குத் திருத்திக்கொள்ளும். மூடிய கூடாரத்தில் 650-க்குக் கீழே இறங்கியதே இல்லை. அதையே 400 என்று நம்பிவிட்டது. குறைவாகக் காட்டக் காட்ட, கன்ட்ரோலர் வாரி இறைத்திருக்கிறது. தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிட்டு, மாதம் ஒருமுறை வெளியே வைத்து நானே சரிபார்க்கிறேன்.

சிலிண்டரின் அழுத்தமானியும் இதே ரகம்தான். உள்ளே திரவம் இருக்கும்வரை 20 டிகிரியில் முள் சுமார் 57 பாரிலேயே நிற்கும். திரவம் தீர்ந்ததும் சடசடவென்று விழும். மிச்சம் தெரிய எடை போட்டுப் பார்ப்பதுதான் வழி.

ஒன்றில் மட்டும் சமரசம் வேண்டாம். ஐந்து கிலோ சிலிண்டர் முழுவதும் கசிந்தால் சுமார் 2,700 லிட்டர் வாயு. பத்துக்குப் பத்து மூடிய அறையில் அது 90,000 பிபிஎம் அளவுக்குப் போகும். எட்டு மணி நேர வேலைக்கான வரம்பு 5,000. 40,000 என்பதே உயிருக்கு உடனடி ஆபத்து. இதற்கு நிறமோ மணமோ இல்லை. காற்றைவிடக் கனம் என்பதால் தாழ்வான இடத்தில் தேங்கும். படுக்கையறையில் வைக்கவே கூடாது. கூடாரத்துக்கு வெளியே, அறையில் தனியாக ஒரு அலாரம் மாட்டியிருக்கிறேன்.

விளக்கு அணைந்ததும் வால்வு மூடிவிடும், இருட்டில் செடிக்கு இது தேவையில்லை. தக்காளிக்கும் லெட்யூஸுக்கும் தொடர்கிறேன். தண்டுக்கீரையைக் கூடாரத்திலிருந்தே எடுத்து ஜன்னலோரம் வைத்துவிட்டேன். அங்கே நன்றாகத்தான் வருகிறது.