லிங்கனைப் பற்றி வாதாட மூன்று இலவச ஆவணத் தளங்கள்: எது எதற்கு உதவும்?

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால அதிபர் லிங்கனைப் பற்றிய சண்டையில் முதலில் வந்து விழுவது பெரும்பாலும் ஒரே கடிதம்தான். 1862 ஆகஸ்ட் 22 அன்று நியூயார்க் பத்திரிகையாசிரியர் ஹொரேஸ் கிரீலிக்கு எழுதியது. ஓர் அடிமையைக்கூட விடுவிக்காமல் ஒன்றியத்தை (பிரிந்துபோன தென் மாநிலங்களும் சேர்ந்த அமெரிக்காவை) காப்பாற்ற முடியுமானால் அப்படியே செய்வேன் என்கிறார் அதில். "பார், அடிமைகளைப் பற்றி அவருக்கு அக்கறையே இல்லை" என்று ஒரு தரப்பு இதை வீசும். எதிர்த்தரப்பு, கிளர்ச்சி மாநிலங்களின் அடிமைகளுக்கு விடுதலை என்று அவர் அறிவித்த விடுதலைப் பிரகடனத்தைத் திருப்பி வீசும். இரண்டையும் தேதியோடு அடுத்தடுத்து வைத்துப் பார்க்கத் தோதான தளம் எது என்பதே இங்கே கேள்வி. பார்த்தவை மூன்று: மிச்சிகன் பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கும் லிங்கன் எழுத்துகளின் முழுத் தொகுப்பு, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் லிங்கன் ஆவணங்கள், யேல் சட்டக் கல்லூரியின் அவலான் தளம். மூன்றையும் படிக்கக் காசு வேண்டாம்.

மிச்சிகன் தளத்தில் இருப்பது ராய் பாஸ்லர் பதிப்பித்து 1953-இல் வெளிவந்த 8 தொகுதிகள். இதன் பெரும் பலம் தேதி வரிசை. கிரீலி கடிதத்தை எடுத்துக்கொள்வோம். 5-ஆம் தொகுதி, பக்கம் 388. அங்கிருந்து பின்னால் புரட்டினால் 370-ஆம் பக்கத்தில் ஆகஸ்ட் 14: வெள்ளை மாளிகைக்கு வந்த கறுப்பினத்தவர் குழுவிடம், நீங்கள் வேறு நாட்டில் போய்க் குடியேறுவதே நல்லது என்று லிங்கன் பேசியது. இன்னும் பின்னால், 336-ஆம் பக்கத்தில், ஜூலை 22: அமைச்சரவையில் வாசித்த விடுதலைப் பிரகடனத்தின் முதல் வரைவு. முன்னால் புரட்டினால் 433-இல் செப்டம்பர் 22, முதற்கட்டப் பிரகடனம். அதாவது கிரீலிக்குப் பதில் எழுதும்போதே பிரகடனத்தின் வரைவு மேசைக்குள் கிடக்கிறது. நூறு பக்கத்துக்குள் முழு வழக்கும் இருக்கிறது; லிங்கன் பக்தருக்கும் சங்கடம், எதிரிக்கும் சங்கடம். கடிதத்தின் கடைசி வாக்கியத்தையும் தவறாமல் படிக்க வேண்டும். எல்லா மனிதரும் எங்கும் விடுதலையாக இருக்க வேண்டும் என்ற தன் சொந்த விருப்பத்தில் மாற்றமில்லை என்று அங்கே எழுதியிருக்கிறார். மேற்கோள் காட்டுபவர்கள் வெட்டிவிடுவது இந்த வரியைத்தான்.

தேடல் பெட்டியை நம்பி இறங்கினால் வழுக்கும். லிங்கனின் எழுத்துப்பிழைகளை அப்படியே பதிப்பித்திருக்கிறார்கள். போர் தொடங்கிய சம்டர் கோட்டையின் பெயரில் அவர் நடுவே 'பி' என்ற எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்து எழுதுவார். சரியான எழுத்தில் மட்டும் தேடினால், போர் எப்படித் தொடங்கியது என்பதற்கான அவருடைய குறிப்புகளில் பல கண்ணிலேயே படாது. இரண்டு விதமாகவும் தேட வேண்டும். அடிமை முறையும் அப்படித்தான். அந்தக் காலத்து அரசியல்வாதிகள் அதை 'உள்நாட்டு நிறுவனம்' என்று இடக்கரடக்கலாகவும் சொல்வார்கள். தேதி தெரிந்தால் தேடலை விட்டுவிட்டு நேராகத் தொகுதிக்குப் போவதே மேல். 1860–61 நான்காம் தொகுதி, 1861–62 ஐந்து, 1862–63 ஆறு, 1863–64 ஏழு, அதன் பிறகான கடைசி மாதங்களுக்கு எட்டாம் தொகுதி.

பலர் கோட்டைவிடும் இடம் அடிக்குறிப்பு. ஒவ்வொரு ஆவணத்தின் கீழும் முதலில் ஒரு சுருக்கெழுத்து வரும். 'ஏஎல்எஸ்' என்றால் கையெழுத்திட்ட, சொந்தக் கைப்பட எழுதிய கடிதம். பத்திரிகைப் பெயர் இருந்தால் நிருபர் எழுதியெடுத்த பேச்சு. மேலே சொன்ன ஆகஸ்ட் 14 பேச்சு இந்த இரண்டாம் வகை. செனட் இடத்துக்குப் போட்டியிட்ட ஸ்டீபன் டக்ளசோடு 1858 செப்டம்பர் 18 அன்று இல்லினாய் மாநிலத்தின் சார்ல்ஸ்டனில் நடந்த விவாதத்தில் (3-ஆம் தொகுதி, பக்கம் 145) இரு இனங்களுக்கும் சமூக, அரசியல் சமத்துவம் வேண்டும் என்று தான் சொல்லவில்லை என்று லிங்கன் பேசியதும் அப்படியே. அந்த விவாதங்களின் அச்சு உரை, லிங்கனே வெட்டி ஒட்டி வைத்த பத்திரிகைத் துணுக்குகளிலிருந்து வருகிறது: தன் பேச்சுக்குத் தன் கட்சி சார்ந்த சிகாகோ ஏடு, டக்ளஸ் பேச்சுக்கு டக்ளஸ் கட்சி ஏடு. தன் பேச்சைத் தானே தேர்ந்து ஒட்டியிருக்கிறார் என்பதால், 'எதிரிகள் திரித்தது' என்று சொல்லி இந்தப் பேச்சிலிருந்து அவரைத் தப்பவைக்க வழியில்லை.

இந்தத் தளத்தின் குறை, பெயரிலேயே இருக்கிறது. இது லிங்கன் எழுத்து. மற்றவர் குரல் அடிக்குறிப்பில்தான் கேட்கும். போர்க்கால அதிபராக அவர்மீது இருக்கும் கனமான குற்றச்சாட்டு, ஆட்கொணர்வு உரிமையை, அதாவது கைதானவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கோரும் உரிமையை, நிறுத்தியது. 1861 ஏப்ரல் 27 உத்தரவு 4-ஆம் தொகுதியில் 347-ஆம் பக்கம். 'ஒரு சட்டத்தைக் காக்க மற்றச் சட்டங்களெல்லாம் செயலிழக்கலாமா' என்ற பொருளில் அவர் கேட்கும் ஜூலை 4 செய்தி அதே தொகுதியில். 1863 ஜூனில், கைதுகளை எதிர்த்து எழுதிய நியூயார்க் ஜனநாயகக் கட்சிக்காரர் கார்னிங்குக்கு அனுப்பிய நீண்ட பதில் 6-ஆம் தொகுதி, பக்கம் 260. மூன்றையும் படித்து முடித்தால் லிங்கன் ஜெயித்ததுபோலத் தோன்றும். ராணுவம் பிடித்து வைத்த மெரிமேன் என்பவரின் வழக்கில், அந்த உரிமையை நிறுத்தும் அதிகாரம் காங்கிரசுக்குத்தான் (அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத்தான்) என்று தலைமை நீதிபதி டேனி சொன்ன தீர்ப்பை வேறு இடத்தில் தேடிப் படிக்காதவரை வழக்கு பாதிதான். காங்கிரஸ் சட்டம் இயற்றி அனுமதி தந்தது 1863 மார்ச் 3-இல். இடையில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள்.

1862-இல் மினசோட்டாவில் போரிட்ட டகோட்டா பழங்குடி மக்கள் தூக்கிலிடப்பட்டதற்கு மட்டும் இந்தத் தளம் ஒன்றே போதும். ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது 303 பேருக்கு. 5-ஆம் தொகுதி, டிசம்பர் 6, அங்கிருந்த படைத் தளபதி சிப்லிக்கு எழுதிய கடிதத்தில் 39 பெயர்கள். எந்த அளவுகோலில் பிரித்தார் என்பது டிசம்பர் 11 அன்று செனட்டுக்கு அனுப்பிய விளக்கத்தில்: பாலியல் வன்முறையும் படுகொலையும் ஒரு பக்கம், போரில் மட்டும் கலந்துகொண்டது மறுபக்கம். பிறகு ஒருவர் தப்ப, டிசம்பர் 26 அன்று மினசோட்டாவின் மன்கேட்டோவில் தூக்கிலிடப்பட்டது 38 பேர். '264 பேரைக் காப்பாற்றினார்' என்பதும் 'அமெரிக்க வரலாற்றின் மிகப்பெரிய ஒரேநாள் தூக்கு' என்பதும் இதே தாள்களிலிருந்து வரும் வாதங்கள்.

மறுபக்கக் குரலுக்கு நாடாளுமன்ற நூலகம். லிங்கனின் மகன் ராபர்ட் ஒப்படைத்து, தான் இறந்து 21 ஆண்டு கழித்தே திறக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்ததால் 1947 ஜூலை 26-இல்தான் பொதுமக்களுக்குத் திறந்த ஆவணங்கள் இவை. பெரும்பகுதி லிங்கனுக்கு வந்த கடிதங்கள். அடிமையாகப் பிறந்து அடிமை ஒழிப்புக்குப் போராடிய பிரெடரிக் டக்ளஸ் (மேலே சொன்ன ஸ்டீபன் டக்ளஸ் அல்ல) 1864 ஆகஸ்ட் 29 அன்று, தெற்கே அடிமைகளுக்குச் செய்தி கொண்டுபோய் அவர்களை வெளியே கொண்டுவர ஆட்களை அமர்த்தும் திட்டத்தை எழுதிய கடிதம் இதில் இருக்கிறது. தேர்தலில் தோற்போம் என்று லிங்கனே நம்பி ஆறு நாள் ஆகியிருந்த நேரம் அது. கையெழுத்துப் படங்களைப் படிப்பது சிரமம். பக்கத்தில் தட்டச்சாகப் பெயர்த்தெழுதிய உரை இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது, எல்லாவற்றுக்கும் இருக்காது. படிக்க மட்டும் என்றால் ஜேபெக் போதும், டிஃப் கோப்பு தேவையில்லாத கனம்.

போரின் காரணம் பற்றிய சண்டைக்கு லிங்கனிடம் போவதே தவறு. ஒன்றியத்திலிருந்து பிரிந்து போன தென் மாநிலங்களைக் கேட்க வேண்டும். அவலானில் தென் கரோலினா, மிசிசிப்பி, ஜார்ஜியா, டெக்சாஸ் ஆகிய நான்கு மாநிலங்களின் காரண அறிக்கைகள் வெறும் உரையாக இருக்கின்றன. மூலப் படம் கிடையாது. ஆனால் உலாவியின் தேடல் விசையே போதும். மிசிசிப்பி, தங்கள் நிலை அடிமை முறையோடு முழுக்கப் பிணைந்தது என்று இரண்டாவது பத்திக்குள் சொல்லிவிடுகிறது. 'மாநில உரிமை' என்பவர்களுக்குத் தென் கரோலினாவைக் கொடுக்கலாம்: தப்பியோடிய அடிமைகளைத் திருப்பித் தராமல் வட மாநிலங்கள் தங்கள் சொந்தச் சட்டங்களை இயற்றுவதுதான் அதன் புகார். சுங்க வரிதான் காரணம் என்பவர்கள் ஜார்ஜியாவைக் காட்டுவார்கள். அங்கே வரிப் பேச்சு உண்டு, வரியைக் குறைத்த 1846 சட்டத்தோடு அது தீர்ந்த கதையாகவும் வருகிறது. சுங்க வரியை உயர்த்திய மாரில் வரிச் சட்டம் கையெழுத்தானது 1861 மார்ச் 2-இல். அதற்குள் ஏழு மாநிலங்கள் போய்விட்டன.

அவலானின் நான்கு அறிக்கைகளும் அந்த முதல் ஏழுக்குள் அடங்குபவை. வர்ஜீனியா, ஆர்கன்சா, வட கரோலினா, டென்னசி நான்கும் பிரிந்தது சம்டர் தாக்குதலுக்குப் பின், ஏப்ரல் 15 அன்று லிங்கன் 75,000 படையினரைக் கேட்ட பிறகு. அவற்றைப் பற்றி வாதம் வந்தால் இந்த நான்கை நீட்டக் கூடாது; அந்த மாநிலங்களின் மாநாட்டுப் பதிவுகளுக்குத்தான் போக வேண்டும்.