லீலில் படிக்கும்போது சனிக்கிழமை எங்கே போகலாம்: லண்டனா, பிரசல்ஸா, புரூஜா, கெண்டா?

மொரிசியஸிலிருந்து வடபிரான்சின் லீல் நகருக்குப் படிக்கப் புறப்படும் நம் பிள்ளைகள் விசா, அறை, குளிர்ச்சட்டை எல்லாம் கேட்டு முடித்த பிறகு கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: சனி ஞாயிறுகளில் எங்கே போகலாம்? நியாயமான ஆசை. நம் தீவின் வடமுனை காப் மலேரோவில் கிளம்பித் தெற்கே கடல் மறிக்கும் வரை போனாலும் 65 கிலோமீட்டர்தான். லீலிலிருந்து ஏறக்குறைய அவ்வளவு தூரம் ரயிலில் போனால் இன்னொரு நாட்டின், இன்னொரு மொழி பேசும் பழைய நகரத்தில் இறங்கலாம்.

ஊர்களை நான் ஒப்பிடுவது டிக்கெட் விலையை வைத்து மட்டும் இல்லை. ராத்திரி எங்கே படுக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள். மாணவரின் பணத்தைக் கரைப்பது பெரும்பாலும் அந்த ஓர் இரவுக்கான அறைவாடகைதான். சனிக்கிழமை காலை போய் இரவே அறைக்குத் திரும்ப முடிந்தால் செலவு பாதியாகிவிடும். ஞாயிறு காலை வாசெம் சந்தையில் வாரத்துக்கான கொத்தமல்லி, மிளகாய், காய்கறி வாங்கவும் நேரம் இருக்கும்.

இந்தக் கணக்கில் லண்டன் ஒரு தனி ரகம். லீல் யூரோப் நிலையத்தில் யூரோஸ்டார் விரைவு ரயில் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் லண்டனின் செயின்ட் பாங்க்ரஸ் நிலையம். அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் இருப்பதால், காலை நேரம் கிட்டத்தட்ட வீணாகாது. பிரிட்டிஷ் மியூசியமும் நேஷனல் கேலரியும் இலவசம். அமராவதிச் சிற்பங்களைப் பிரிட்டிஷ் மியூசியத்தில் பார்க்கலாம். ஈஸ்ட் ஹாமில் தோசை சாப்பிட்டு முருகன் கோவிலுக்கும் போய் வரலாம். நம் ஊரில் தைப்பூசக் காவடிக்குப் பொது விடுமுறை, பிரான்சில் அது வகுப்பு நாள். அந்த ஏக்கம் உள்ளவர்களுக்கு இந்தக் கோவில் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும். ஆனால் கடைசி நேரத்தில் வாங்கினால் டிக்கெட் விலை எகிறும், கடவுச்சீட்டுச் சோதனைக்கு முன்கூட்டியே போய் நிற்க வேண்டும், அறைவாடகையும் அதிகம். லண்டனில் சித்தியோ மாமாவோ இருந்தால் வெள்ளி இரவே போய்விடுங்கள். அப்போது லண்டனிலும் அறைவாடகைச் செலவு இல்லை. உறவு யாரும் இல்லையென்றால் ஆண்டுக்கு ஒருமுறை, பல வாரம் முன்பே டிக்கெட் எடுத்து வைத்துக்கொண்டு போனால் போதும்.

பிரசல்ஸ் எல்லோரும் முதலில் சொல்லும் பெயர். விரைவு ரயிலில் சுமார் முப்பத்தைந்து நிமிடம், பிரெஞ்சு போதும், மழை பெய்தால் ஒதுங்க நல்ல அருங்காட்சியகங்கள் உண்டு. கிராண்ட் பிளாஸ் சதுக்கத்தின் கதையும் கேட்கத் தகுந்தது. 1695இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் படை பீரங்கியால் அதை ஏறக்குறையத் தரைமட்டமாக்கியது. வணிகக் குழுக்கள் சில ஆண்டுகளிலேயே கட்டி எழுப்பிவிட்டன. இருந்தாலும் லீலில் இருப்பவர்களுக்கு அது அவ்வளவு புதிதாகத் தெரியாது. லீலும் 1667இல் அதே லூயி பிடிக்கும் வரை, இன்று பெரும்பாலும் பெல்ஜியத்தில் இருக்கும் பிளாண்டர்ஸ் பகுதியின் நகரம்தான், அந்தக் காலத்துப் பழைய பங்குச்சந்தைக் கட்டடம் தினமும் நீங்கள் கடந்து போகும் இடம். பிரசல்ஸை மழைநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான போட்டி பெல்ஜியத்தின் புரூஜுக்கும் கெண்டுக்கும்தான். இரண்டுக்கும் லீல் பிளாண்டர் நிலையத்தில் ஏறி பெல்ஜியத்தின் கோர்ட்ரைக் வழியாகப் போக வேண்டும், சில ரயில்களுக்கு அங்கே மாற வேண்டும். (லீலில் இரண்டு நிலையங்கள், நடந்து போகும் தூரத்தில். எது என்று டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.) இது சாதாரண உள்ளூர் ரயில் வழி. ஒன்றைத் தவறவிட்டாலும் அடுத்ததில் வரலாம், வாரங்களுக்கு முன்பே திட்டமிடத் தேவையில்லை. திரும்பும்போது பெல்ஜியப் பலகைகளில் லீலின் பெயர் அங்கே பேசும் டச்சு மொழியில் ரைசல் என்று இருக்கும், பதற வேண்டாம்.

புரூஜ் அழகில் குறையில்லை. கால்வாய்கள், 366 படி ஏற வேண்டிய மணிக்கூண்டு, மாதா கோவிலில் மைக்கேலாஞ்சலோ செதுக்கிய தாயும் சேயும். ஆனால் சனிக்கிழமை நடுப்பகலில் எல்லோரும் அங்கேதான். நிதானமாக நின்று பார்க்க இடம் கிடைக்காது. அம்மா அப்பா மொரிசியஸிலிருந்து வந்தால், அவர்களோடு ஓர் இரவு தங்கி, கூட்டம் கலைந்த பிறகு மாலையில் நடப்பதற்கு அதைவிட நல்ல ஊர் இல்லை.

மாணவர்களுக்கு என் தேர்வு கெண்ட். அது மாணவர்கள் வாழும் ஊர். பல்கலைக்கழகம் 1817இல் தொடங்கியது. சனிக்கிழமையும் நகரம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும், வந்தவர்களுக்காக அலங்கரித்து நிற்பதில்லை. நகர நடுவில் 1180இல் கட்டிய கிராவன்ஸ்டீன் கோட்டை. 1949இல் பியர் விலையேற்றத்தை எதிர்த்து மாணவர்கள் அந்தக் கோட்டையைக் கைப்பற்றிக் கதவை அடைத்துக்கொண்டார்கள். செயின்ட் பாவோ பேராலயத்தில் வான் ஐக் சகோதரர்களின் பலிபீட ஓவியம், 1432இல் முடிந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் புல்லின் ஒவ்வோர் இலையும், நகைக்கல்லில் விழும் சாளர வெளிச்சமும் தெரியும். அதன் ஒரு பலகை 1934இல் களவு போனது, இன்றும் கிடைக்கவில்லை. இப்போது இருப்பது நகல். ஐரோப்பாவில் ஒரே ஓர் ஓவியம் பார்க்க நேரம் உண்டு என்றால் இதைத்தான் சொல்வேன். ஞாயிறு காலை வழிபாடு நடக்கும் என்பதால் அதற்கும் சனிக்கிழமையே நல்லது.

சாப்பாட்டிலும் கெண்ட் முந்துகிறது. செப்டம்பரில் வகுப்பு தொடங்கினால் உங்கள் முதல் பயணங்கள் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் வரும். வீட்டில் விரதம் இருந்து பழகியவர்கள் வெளிநாட்டில் அதைக் கைவிடுவது ஊர் பிடிக்காததால் இல்லை, என்ன சாப்பிடுவது என்று தெரியாததால்தான். கெண்ட் 2009இலேயே வியாழன்தோறும் சைவம் என்று நகரமாக அறிவித்த ஊர். சைவ உணவகம் தேடி அலைய வேண்டாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: பெல்ஜியத்தில் உருளைக்கிழங்கு வறுவலை மரபாக மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். தாவர எண்ணெயா என்று கேட்காமல் வாங்காதீர்கள். பிரெஞ்சைவிட ஆங்கிலத்தில் கேட்டால் அங்கே முகம் மலரும். இரண்டும் பேசத் தெரிந்த நமக்கு அது பெரிய வசதி.

ஆம்ஸ்டர்டாமை இந்தப் பட்டியலில் நான் சேர்க்கவில்லை. இரவு தங்காமல் முடியாது, 2024 முதல் அறைவாடகையில் 12.5 விழுக்காடு சுற்றுலா வரியும் சேர்கிறது. அது நீண்ட விடுமுறைக்கு. பாரிஸ் வெளிநாடு இல்லை என்றாலும் மறக்காதீர்கள்: லீல் ரயில் நிற்கும் கார் து நோர் நிலையத்திலிருந்து லா ஷப்பேல் தமிழ்க் கடைத்தெரு நடை தூரம். கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும், மாணிக்க விநாயகர் கோவிலுக்கும் மாதம் ஒரு நடை போய் வரலாம்.

அக்டோபர் முடியும் முன் போய்விடுங்கள், அல்லது மார்ச் வரை பொறுங்கள். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும், நம் உடம்புக்குப் பழகாத குளிர்.

காகிதங்கள்: பிரான்ஸ் வந்த மூன்று மாதத்துக்குள் மாணவர் நீண்டகால விசாவை இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும். அது இருந்தால் பெல்ஜியத்துக்குத் தனி விசா வேண்டாம், ஆனாலும் கடவுச்சீட்டு பையில் இருக்கட்டும். லண்டனுக்கு மொரிசியஸ் கடவுச்சீட்டுக்கு விசா தேவையில்லை என்றாலும் 2025 ஜனவரி முதல் மின்னணுப் பயண அனுமதி கட்டாயம். டிக்கெட் வாங்கும் முன் அதை வாங்குங்கள்.