லாடர்ஹில்லா, நியூயார்க்கா?

எந்த அரங்கு சிறந்தது? இரண்டுமே பொதுப் பூங்காவுக்குள் எழுந்த அமெரிக்க கிரிக்கெட் அரங்குகள். 2024 டி20 உலகக்கோப்பைக்காக நியூயார்க் ஐசனோவர் பூங்காவில் கட்டிய நசாவ் அரங்கில் 34,000 இருக்கைகள். ஆனால் புளோரிடாவில் வளர்த்து, கொண்டுவந்து பதித்த பிட்ச்சில் பந்து தாறுமாறாக எழும்பியது. 119 ரன்னில் சுருண்ட இந்தியா, பாகிஸ்தானை 6 ரன்னில் வென்றது என்றால் பாருங்கள்! அங்கே ஆட்டங்கள் முடிந்ததும் அரங்கைப் பிரித்துவிட்டார்கள்.

புளோரிடாவில் உள்ள லாடர்ஹில் நகரின் சென்ட்ரல் பிரோவர்ட் பூங்கா அரங்கு 2007 முதல் நிற்கிறது. கால்பந்தும் உண்டு. 2016-இல் இங்கே நடந்த டி20-இல் வெஸ்ட் இண்டீஸ் 245 ரன், இந்தியா 244 ரன். என்ன ஆட்டம் அது! மழைதான் தொல்லை. 2024 உலகக்கோப்பையில் இங்கே மூன்று ஆட்டங்கள் ஒரு பந்துகூட வீசாமல் ரத்தாயின. சரி, இருந்தாலும் என் ஓட்டு லாடர்ஹில்லுக்கே. அரங்கு நிலையாக இருந்தால்தான் அங்குள்ள பிள்ளைகள் கிரிக்கெட்டைத் தொடர்ந்து பார்க்க முடியும்.